அண்ணை, உங்களுக்குத்தான் போட்டனாங்கள்!

2019 செப்டெம்பர், நகரசபைத் தேர்தல் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்ற வந்த பெற்றோர் ஆறேழு பேர் ஒருவரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். ஒஸ்லோவுக்கு வெளியே இருக்கிற எங்கட சின்ன ஊரில் தேர்தலுக்கு நின்ற முதல் தமிழர் அவர். பேர் வேண்டாம், எல்லாரையும் போல நானும் அண்ணை என்றே சொல்கிறேன். அவருடைய கட்சிக்கு ஓர் ஆசனம் குறைந்துபோனது. வெறும் நாற்பது வாக்குச்சீட்டு கூட விழுந்திருந்தால் அந்தக் கடைசி ஆசனம் அவருக்கு. இப்போது அவர் முதலாவது மாற்று உறுப்பினர். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள்.

எல்லாரும் ஆறுதல் சொன்னோம். நானும் சொன்னேன்: "அண்ணை, நாங்கள் உங்களுக்குத்தான் போட்டனாங்கள். வீட்டில மூண்டு வோட்டும் உங்களுக்குத்தான்."

அவர் சிரித்தார். "எப்பிடிப் போட்டனீங்கள் பிள்ளை?"

பெருமையாக விளக்கினேன். வழக்கமாக நான் போடுகிற கட்சியின் சீட்டை எடுத்தேன். அதில் மற்றக் கட்சி வேட்பாளரின் பெயரை எழுதுவதற்கு ஒரு இடம் இருக்கிறது. அங்கே அண்ணையின் பெயரைத் தெளிவாக எழுதி, மடித்து, முத்திரை குத்துவித்துப் பெட்டிக்குள் போட்டேன். இவரும் அப்படித்தான் செய்தார். அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப எனக்கு முப்பத்தைஞ்சில ஒண்டு போட்டிருக்கிறியள்."

அன்று இரவு படுக்க முதல் அந்தக் கணக்கைத் தேடி வாசித்தேன். நோர்வேக்கு வந்து அப்போது 29 வருடம். எத்தனையோ தேர்தலில் வாக்குப் போட்டிருக்கிறேன். நான் போட்ட வாக்கு பெட்டிக்குள் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எங்கட நகரசபையில் 35 ஆசனம். அதனால் நான் போடுகிற ஒரு வாக்குச்சீட்டு, என் கட்சிக்கு 35 பட்டியல் வாக்குகளாக எண்ணப்படும். அதே சீட்டில் மற்றக் கட்சிக்காரர் ஒருவரின் பெயரை எழுதினால், அந்த 35 இல் ஒன்று அவருடைய கட்சிக்குப் போகும். மிச்சம் 34 உம் என் கட்சியிலேயே நிற்கும். இப்படி எழுதுகிற பெயரை நோர்வேஜியத்தில் 'ஸ்லெங்கர்' என்கிறார்கள். அண்ணைக்கு அது ஒரு முழுத் தனிவாக்குத்தான், அதில் குறையில்லை. அவருடைய கட்சிக்குள் யார் முன்னுக்கு என்று பார்க்கும்போது என் வாக்கு அவரை உயர்த்தும். ஆனால் அந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்ற கேள்விக்கு நான் கொடுத்தது முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதுமட்டுமில்லை, மற்ற முப்பத்துநாலையும் அவரோடு அந்தக் கடைசி ஆசனத்துக்குப் போட்டியில் நின்ற இன்னொரு கட்சிக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணையை உயர்த்திவிட்டு, அவர் ஏறவேண்டிய ஏணியை இழுத்த மாதிரி.

பள்ளிக்கூடத்தில் விசாரித்துப் பார்த்தால், என்னைப் போல எழுதினவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அறுபது எழுபது குடும்பம் இருக்கிற இடம். அண்ணையின் கட்சியைப் பிடிக்காதவர்கள், ஆனால் அண்ணையைப் பிடித்தவர்கள், எல்லாரும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அவருடைய தனிவாக்கு எண்ணிக்கை அவருடைய கட்சியில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்தது. அது ஏன் போதவில்லை என்பது இன்னொரு கதை. கட்சி தன் பட்டியலில் மேலே இருக்கிற சிலரின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சடிக்கலாம். அப்படி அச்சடித்தவர்களுக்கு, அந்தக் கட்சி பெற்ற மொத்தச் சீட்டில் 25 சதவீதத்துக்குச் சமமான தனிவாக்கு சும்மா கிடைக்கும். தடித்த எழுத்து இல்லாதவர் அதைத் தாண்ட வேண்டுமென்றால், கட்சிக்குப் போட்டவர்களில் நாலில் ஒருவர் அவர் பெயருக்கு நேரே புள்ளடி போட வேண்டும், அல்லது வெளியே இருந்து அவ்வளவு பேர் எழுத வேண்டும். அண்ணையின் பெயர் மெல்லிய எழுத்தில் இருந்தது.

நாங்கள் ஆளைப் பார்த்துப் போடுகிறோம். இந்த முறை பட்டியலைப் பார்த்து எண்ணுகிறது. எங்கட ஆக்களிடம் தேர்தல் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது.

இத்தனைக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள். அம்மாவிடம் கேட்டால் பழைய முறையையும் சொல்லுவா. அவ 1977 இல் யாழ்ப்பாணத்தில் உதயசூரியனுக்குப் புள்ளடி போட்டவ. அப்போது தொகுதிக்கு ஒருவர், கூட வாக்கு எடுத்தவர் வென்றவர். அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்கு எடுத்து, 168 ஆசனத்தில் 140 ஐப் பிடித்தது. அது சரியாக ஆறில் ஐந்து பங்கு. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 சதவீத வாக்கு விழுந்தும் கிடைத்தது 8 ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 சதவீதத்துக்கும் குறைந்த வாக்கு, ஆனால் 18 ஆசனம். அதனால்தான் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தமிழ்க் கட்சி ஒன்று எதிர்க்கட்சியாக உட்கார்ந்ததை அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவா. அந்தப் பெருமையின் கணக்கை ஒருநாள் எழுதிக் காட்டினேன். "அப்ப எங்களுக்கும் அது லாபமாத்தானே இருந்தது" என்றா. உண்மைதான். வாக்காளர் ஓர் இடத்தில் குவிந்து இருந்தால் தொகுதி முறை லாபம், நாடு முழுவதும் சிதறி இருந்தால் நட்டம். நோர்வேயில் இருக்கிற தமிழர் மாதிரி அங்கொன்று இங்கொன்றாக இருப்பவர்களைத் தொகுதி முறை கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அந்த ஆறில் ஐந்து பங்கை வைத்துக்கொண்டு 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தவர்கள்தான் முறையையும் மாற்றினார்கள். பொதுத்தேர்தலில் அது முதன்முதலில் நடந்தது 1989 இல். மாவட்டத்துக்கு ஒரு பட்டியல், அதற்கு மேல் மூன்று விருப்பு வாக்கு, மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், 225 பேரில் 29 பேர் தேசியப் பட்டியல். இதில் விருப்பு வாக்குத்தான் கட்சிக்குள் யார் உள்ளே போவது என்று தீர்மானிக்கும். அதனால் ஒரே கட்சிக்காரர் இருவர் ஒருவரின் சுவரொட்டிக்கு மேல் மற்றவர் ஒட்டுவார். கட்சியை விட இலக்கம் பெரிது. இந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால், 'ஆளுக்குப் போடுவது' என்பது தானாகக் கையில் வரும். என் பேனா 2019 இல் எழுதினது அந்தப் பழக்கம். நானோ 16 வயதில் வந்தவள், இலங்கையில் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. ஆனாலும் பழக்கம் எப்படியோ ஒட்டியிருக்கிறது.

ஆசனம் பிரிக்கிற கணக்கை எனக்கு விளக்கினது என் மகள். இங்கே பள்ளிக்கூடத்தில் தேர்தலுக்கு முன்னால் மாணவர்களுக்கென்று ஒரு தேர்தலே நடத்துகிறார்கள். கட்சிகளின் இளைஞர் அணியினர் வந்து மேடையில் வாதாடுவார்கள், பிறகு பிள்ளைகள் வாக்களிப்பார்கள், முடிவு செய்தியில் வரும். மகள் அதற்குத் தயாரான நாட்களில் ஒருநாள், மேசையில் இருந்த வடைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். ஐந்து வடை, நாலு கட்சி. ஒன்றுக்கு 4,200 வாக்கு, இரண்டாவதுக்கு 2,800, மூன்றாவதுக்கு 1,400, நாலாவதுக்கு 600.

"ஊர் முறையில எண்டால்?"

"முதலாவது ஆள் அஞ்சையும் தூக்கிக்கொண்டு போயிடும். மற்ற மூண்டும் சேர்ந்தால் கூடத்தான், ஆனா அதை ஆரும் கேக்கமாட்டினம்."

இங்கே எல்லாருடைய வாக்கையும் முதலில் 1.4 ஆல் பிரிக்கிறார்கள். 3,000, 2,000, 1,000, 429. பெரியது எதுவோ அதற்கு முதல் வடை. வடை எடுத்தவரின் வாக்கை அடுத்த சுற்றில் 3 ஆல் பிரிக்க வேண்டும், இன்னொன்று எடுத்தால் 5 ஆல், பிறகு 7 ஆல். எடுக்க எடுக்க அவர் பின்னால் போவார், எடுக்காதவர் முன்னால் வருவார். 4,200 காரருக்கு முதல் வடை, அவர் 1,400 ஆகிறார். 2,800 காரருக்கு இரண்டாவது, அவர் 933 ஆகிறார். மூன்றாவது மறுபடியும் பெரியவருக்கு, அவர் 840. நாலாவது 1,000 உடன் காத்திருந்த மூன்றாம் கட்சிக்கு. ஐந்தாவது 933 க்கு. ஆக 2, 2, 1, பூச்சியம். பிரான்சுக்காரர் ஒருவரின் பெயரில் 'செந்-லாகு' முறை என்று சொல்கிறார்கள். மூல முறையில் முதல் பிரிப்பான் 1. இங்கே அதை 1.4 ஆக்கினது, முதல் ஆசனம் எடுக்கிறதைச் சின்னக் கட்சிகளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக்கத்தான்.

நாலாவது கட்சிக்கு வடை இல்லை என்றதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தன்னுடைய வடையில் பாதியைப் பிய்த்து வைத்தா. "இதுதான் அம்மம்மா, சமன் ஆசனம்!" என்று மகள் கத்தினாள். விளையாட்டாகச் சொன்னாலும் அது கிட்டத்தட்டச் சரி.

நோர்வே நாடாளுமன்றத்தில் 169 பேர். நாடு 19 தேர்தல் மாவட்டம். 150 ஆசனம் மாவட்ட வாக்கை வைத்து நேரடியாகப் பிரிக்கப்படும். மாவட்டத்துக்கு ஒன்றாக மிச்சம் 19 ஆசனத்தை எடுத்து வைத்திருப்பார்கள். நாடு முழுவதும் எடுத்த வாக்குக்கு ஏற்ற ஆசனம் கிடைக்காத கட்சிகளுக்கு அவற்றைக் கொடுத்துச் சமன் செய்வார்கள். ஆனால் அம்மாவின் பாதி வடை மாதிரி எல்லாருக்கும் கிடையாது. நாடு முழுவதும் 4 சதவீத வாக்கு எடுத்த கட்சிக்கு மட்டும்தான்.

இந்த 4 சதவீதம் பற்றித்தான் தமிழர் நடுவில் அதிகம் பிழையான விளக்கம் உலாவுகிறது. "நாலு எடுக்காவிட்டால் ஒன்றுமே கிடைக்காது" என்பார்கள். அப்படியில்லை. தடுப்பு அந்த 19 சமன் ஆசனத்துக்கு மட்டும். மாவட்டத்துக்குள் போதிய வாக்கு எடுத்தால் எந்தச் சின்னக் கட்சியும் உள்ளே போகலாம். 2021 இல் வடக்கே பின்மார்க்கில், ஆல்த்தா நகரத்து மருத்துவமனைக்காகப் போராடிய 'நோயாளர் கவனம்' என்ற அமைப்பு, 5,000 க்கும் குறைந்த வாக்கோடு ஓர் ஆசனம் எடுத்தது. அதே தேர்தலில் பசுமைக் கட்சி 3.9 சதவீதமும் கிறிஸ்தவ மக்கள் கட்சி 3.8 சதவீதமும் எடுத்துத் தலைக்கு 3 ஆசனத்தோடு நின்றன. மறுபக்கம், சமன் ஆசனம் எங்கே போய் விழும் என்பது சில நேரம் சிரிப்பாக இருக்கும். 2005 இல் அதே பின்மார்க்கின் சமன் ஆசனம், அந்த மாவட்டத்தில் ஆயிரம் வாக்குகூட எடுக்காத வென்ஸ்த்ரே கட்சிக்குப் போனது. நாட்டுக் கணக்குச் சரியாக வர, மாவட்டக் கணக்கு இப்படிக் கோணலாகும்.

2025 இல் இந்த 4 சதவீதம் எங்கட வீட்டுக்குள் வந்தது.

மகளுக்கு டிசம்பரில்தான் 18. ஆனால் அந்த வருடத்துக்குள் 18 ஆகிறவர்கள் எல்லாரும் வாக்களிக்கலாம் என்பது இங்கத்தைய சட்டம். ஓகஸ்ட் 10 க்குப் பிறகு நூலகத்திலேயே முன்கூட்டி வாக்குப் போடலாம். அவள் போகிற அன்று காலை, தான் ஒரு சின்னக் கட்சிக்குப் போடப்போவதாகச் சொன்னாள். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. கருத்துக் கணிப்பில் மூன்று சின்னக் கட்சிகள் அந்த 4 சதவீதக் கோட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை, முதல் வோட்டை வீணாக்காத. வெல்லுற கட்சிக்குப் போடு."

"வெல்லுற கட்சி எண்டு ஒண்டு இல்லை அம்மா."

"ஏன் இல்லை?"

"பெரிய கட்சிக்கு ஒரு வோட்டு கூடினா என்ன நடக்கும்? ஒண்டும் நடக்காது. சின்னக் கட்சி நாலைத் தாண்டினா மூண்டு பேர் ஏழு பேராகும். என்ர வோட்டுக்கு எங்க பெறுமதி கூட?"

"தாண்டாட்டி?"

"தாண்டாட்டித்தான் நீங்கள் சொல்லுறது சரி," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கோபப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2019 இல் பட்டவள் நான். கணக்குத் தெரியாமல் போட்டால் என்ன ஆகும் என்று கண்டவள். ஆனால் அவள் கணக்குத் தெரிந்து போட்டிருக்கிறாள், நான் அவளுக்குச் சொன்னது மறுபடியும் ஊர்ப் பழக்கம். தோற்கிறவருக்குப் போட்டால் வாக்கு வீண் என்பது தொகுதி முறையின் பயம். அதை முப்பத்தைந்து வருடமாகப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து மகளுக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

செப்டெம்பர் 8 இரவு மூன்று தலைமுறையும் தொலைக்காட்சிக்கு முன்னால். அம்மாவுக்கு இதில் வாக்கு இல்லை. அவ இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. நகரசபைக்கு என்றால் மூன்று வருடம் தொடர்ந்து இங்கே பதிந்து வசித்தால் வெளிநாட்டவரும் போடலாம், நாடாளுமன்றத்துக்கு நோர்வேக் குடியுரிமை வேண்டும். (நகரசபைக்குப் போட முடியும் என்பதே தெரியாமல் எத்தனையோ அம்மா அப்பாமார் வீட்டில் இருக்கிறார்கள். வாக்காளர் அட்டை வந்தால் விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஒருதரம் பாருங்கோ.) 2023 இல் அம்மா போட்டுவிட்டு வெளியே வந்து, இடது கைச் சின்ன விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "மை பூசேல்லையே, இன்னொருக்காப் போனா என்ன செய்வினம்?" என்று அவவுக்கு ஒரே கவலை.

வாக்கு எண்ணிக்கை ஏறி ஏறி வந்தது. பசுமைக் கட்சி கோட்டுக்கு மேலே, கடைசியில் 4.7. கிறிஸ்தவ மக்கள் கட்சி 4.2. வென்ஸ்த்ரே 3.7. மேலே போன இரண்டுக்கும் 8, 7 ஆசனம். கீழே நின்றதற்கு 3. அரை சதவீத வித்தியாசத்தில் ஏழும் மூன்றும். மகள் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். அது சந்தோஷமா துக்கமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை.

நடுச்சாமத்துக்கு அம்மா கேட்டா: "அப்ப ஆர் வெண்டது?"

தொழிற்கட்சிக்கு 53, முன்னேற்றக் கட்சிக்கு 47, ஹொய்ரே 24. 169 இல் பாதியைத் தாண்ட 85 வேண்டும். யாருக்கும் இல்லை. தொழிற்கட்சியோடு மத்திய கட்சி, சோசலிச இடதுசாரிகள், சிவப்புக் கட்சி, பசுமைக் கட்சி என்று நாலையும் கூட்டினால் 88. மறுபக்கம் நாலு கட்சியும் சேர்ந்து 81. "அஞ்சு பேர் சேர்ந்து வெண்டவை" என்றேன். "அஞ்சு பேரும் மந்திரியோ?" "இல்லை அம்மா, ஒரு கட்சிதான் அரசாங்கம். மற்ற நாலும் வெளியில நிண்டு ஒவ்வொண்டுக்கும் பேரம் பேசுவினம்." அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, இது ஒரு அரசாங்கமோ என்ற மாதிரிப் பார்த்தா.

ஆனால் ஓடுகிறது. அரசாங்கம் அமைக்க இங்கே பெரும்பான்மை கையைத் தூக்கி ஆதரிக்கத் தேவையில்லை, பெரும்பான்மை எதிர்க்காமல் இருந்தால் போதும். 2025 தொடக்கத்தில் மத்திய கட்சி கூட்டணியை விட்டு வெளியே போனபோது, தொழிற்கட்சி 169 இல் 48 பேரோடு தனியே ஆட்சியை நடத்தியது. நாடாளுமன்றத்தை இடையில் கலைக்க அரசியலமைப்பில் வழியே இல்லை. நாலு வருடமும் அந்த 169 பேரும் ஒருவரோடு ஒருவர் கதைத்தே தீர வேண்டும். இதில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. வாக்குப் போட்ட பிறகு நடக்கிற பேரத்தில் எனக்குப் பங்கில்லை. நான் போட்ட கட்சி எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. வரவு செலவுத் திட்ட நேரத்தில் இரவிரவாகக் கதவை மூடிக்கொண்டு கதைத்துவிட்டு வருவார்கள், காலையில் நாங்கள் செய்தியில் பார்ப்போம்.

இன்னொன்று, நாடாளுமன்றத் தேர்தலில் சீட்டில் பெயர்களின் வரிசையை மாற்றலாம் என்று அச்சிட்டிருந்தாலும், அது நடக்க அந்தக் கட்சிக்குப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். அப்படி ஒருபோதும் நடந்ததில்லை. ஆக, யார் நாடாளுமன்றம் போவார் என்பதைத் தீர்மானிப்பது பட்டியலில் அவருடைய இலக்கமும் கட்சியின் மொத்த வாக்கும்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் பெற்றோரோடு இங்கே வந்த கம்சாயினி குணரத்தினம், 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனவர், 2021 இல் தொழிற்கட்சிப் பட்டியலில் ஒஸ்லோவிலிருந்து நாடாளுமன்றம் போனவர். எங்கட ஆக்கள் "நாங்கள் போட்டு அனுப்பின பிள்ளை" என்று சொல்லும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த இடம் வாக்குச்சாவடியில் கிடைத்ததில்லை. அதற்கு எத்தனையோ மாதம் முன்னால், கட்சியின் வேட்பாளர் தெரிவுக் கூட்டத்தில், இளைஞர் அணியில் இருந்தே உழைத்து வந்த ஒருவருக்குக் கட்சி உறுப்பினர்கள் கொடுத்த இலக்கம் அது.

அந்தக் கூட்டங்களைத் தேர்தலுக்கு முந்தின இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வைப்பார்கள். எங்கட ஊர் மாதிரி இடங்களில் ஒரு கட்சிக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். கோப்பி, வாஃபிள், கையைத் தூக்கி வாக்கெடுப்பு. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு முன்னூறு பேரைக் கூட்டுகிற நாங்கள், அந்த முப்பது பேரில் ஒருவராகக்கூட இருந்ததில்லை. 2019 இல் அண்ணையின் பெயர் மெல்லிய எழுத்தில் வந்தது அப்படியொரு கூட்டத்தில். தடித்த எழுத்து வேண்டும் என்று கேட்க அவர் பக்கத்தில் அன்று யாரும் இருக்கவில்லை. அவரே சொன்னார், மனைவிக்கு அன்று வேலையாம்.

அடுத்த நகரசபைத் தேர்தல் 2027 செப்டெம்பரில். பட்டியல்கள் மார்ச் 31 க்குள் கொடுபட வேண்டும். போன மாதம் அண்ணை தொலைபேசி எடுத்தார். தான் இந்தமுறையும் கேட்கப்போவதாகவும், ஆனால் கட்சிக்குப் பட்டியல் நிரப்ப ஆட்கள் போதாது என்றும் சொன்னார்.

"உம்மட பேரைப் போடட்டோ பிள்ளை? வெல்லுற இடத்தில இல்லை. கீழதான்."

"எத்தினையாவது அண்ணை?"

"இருபத்தொன்பது."

"நான் உங்கட கட்சிக்குப் போடுறதே இல்லையே."

"தெரியும். முப்பத்தைஞ்சில ஒண்டு போட்டிருக்கிறீர்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒலிவாங்கியைப் போட்டுவைத்திருந்தது நினைவில்லை, மகள் பக்கத்து அறையில் இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "கூட்டம் எப்பவாம்?"